போய்ச் சொல்பவன்

கடலூர் முதுநகரில் டேவிட் ராஜ் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சாயங்கால நேரத்தில் தெருவுக்குள் நுழைந்தால், கால்பந்து ஆடுகிறவர்கள் இருக்கும் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். எந்த வாசலில் செருப்பைக் கழற்றுகிறான் என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். தங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் மறுபடி டிவி சத்தம் கேட்கும்.

ஸ்டார் கிளப்பில் ஒருவரை அணியிலிருந்து எடுத்தால் அதை மைதானத்தில் சொல்வதில்லை. போனிலும் சொல்வதில்லை. அணியில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பழம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து எழுந்து வர வேண்டும். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்த ஆள் பயிற்சிக்கு வரமாட்டார். இதை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று கிளப்பில் யாருக்கும் தெரியாது. துக்கம் கேட்கப் போகிறவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதைப் போல இதுவும் வந்திருக்கலாம். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் முன்னால் ஓர் ஆட்டக்காரன் தலைகுனிய வேண்டியதில்லை என்று யாரோ நினைத்திருக்கலாம். நல்ல எண்ணம்தான். இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் அதன் மரியாதை.

பெருவெள்ளம் வந்த வருஷத்தில்தான் கிளப் விழுந்தது. உப்பனாற்றங்கரை மைதானத்தில் பொங்கல் வரைக்கும் தண்ணீர் நின்றது. கோல் கம்பங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. பயிற்சி இல்லை. பாதிப் பேர் வீடு இழந்து நின்றார்கள். அந்த சீசனில் ஸ்டார் கிளப் மாவட்ட லீக்கின் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. இரண்டாவதில் நிற்கும் என்று நினைத்தார்கள். நிற்கவில்லை. மூன்றாவதுக்குப் போய்விட்டது. டேவிட் அப்போதுதான் கிளப்பில் சேர்ந்திருந்தான். ஸ்டாப்பராக ஆடுவான். தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கிற வேலை. முதல் டிவிஷனில் ஓர் ஆட்டம்கூட அவன் ஆடியதில்லை. வாசற்படியில் கால் வைக்கும்போது வீடு இடிந்த மாதிரி ஆகிவிட்டது.

செயலாளர் மரிய ஜோசப், துறைமுகத்துக்குப் பக்கத்தில் விசைப்படகு இன்ஜின் சாமான் கடை வைத்திருப்பவர், கிளப்பைத் திரும்பக் கட்டப் போவதாகச் சொன்னார். மூன்று வருஷம் கொடுங்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பயிற்சியாளரும் அதே மூன்று வருஷத்தைத்தான் கேட்டார்கள்.

முதலில் வந்தவர் ராமாமிர்தம். சிதம்பரத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் ரயிலேறி வருவார். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓட விடுவார். மணலில் ஓட முடிந்தவன் மட்டும் அணியில் என்றார். ஓட முடியாதவர்கள் கிளப்பின் நல்ல காலத்தில் ஆடியவர்கள். யார் வீட்டுக்குப் போவது என்ற பேச்சு வந்தபோது பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமாமிர்தம் டேவிட்டைக் காட்டினார். இவன் வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்தவன், இவன் போகட்டும் என்றார்.

டேவிட் முதலில் போனது ஸ்ரீதர் வீட்டுக்கு. அவனை கிளப்பில் சேர்த்துவிட்டதே ஸ்ரீதர்தான். ஸ்ரீதர் பழத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஒரு பழத்தை அங்கேயே உரித்துத் தின்றான். "நல்லா பழுத்துதான் இருக்கு மச்சான்" என்றான். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஆட்டோ டேவிட்டைத் தாண்டிப் போகும்போது வேகம் குறைந்ததில்லை.

ராமாமிர்தத்துக்கு இதயத்தில் கோளாறு வந்து நின்றுவிட்டார். அடுத்து வந்தவர் தில்லைநாதன். அவரும் சிதம்பரம்தான். வயதில் சின்னவர், படித்துவிட்டு வந்தவர். காந்தக் காய்களை ஒட்டி நகர்த்துகிற பலகை ஒன்று வைத்திருந்தார். முதல் வருஷம் ஆகஸ்ட் கடைசியில் பயிற்சி முகாம் போட்டார். முகாமின் முதல் நாள் மைதானத்தில் அவரும் பலகையும்தான் இருந்தார்கள். அணியில் பாதிக்கு மேல் காவி வேட்டி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தது. மரிய ஜோசப்பே போயிருந்தார். மாதாகிட்ட நடக்காம எப்படி சார் ஆடுறது என்று திரும்பி வந்து கேட்டார்கள். தில்லைநாதன் கோபப்படவில்லை. அடுத்த வருஷம் முகாமைத் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் சிதம்பரத்தைத் தாண்டுகிற நேரத்தில் புறவழிச்சாலையில் மோர்ப்பானையோடு நின்றார். அதற்குப் பிறகுதான் அவர் சொன்ன இடத்துக்குக் காய்கள் நகர ஆரம்பித்தன என்று மரிய ஜோசப் சொல்வார்.

தில்லைநாதன் ஊர்க்காரர்களை மட்டும் வைத்து ஆட முடியாது என்றார். சிதம்பரம், புவனகிரி, திட்டக்குடி என்று வெளியூர்ப் பையன்களைக் கூட்டி வந்தார். முதுநகரில் இது சிலருக்குப் பிடிக்கவில்லை. டேவிட் இன்னும் சில வீடுகளுக்குப் போனான். கிளப் இரண்டாவது டிவிஷனுக்கு ஏறியது. அந்தக் கோடையிலேயே தில்லைநாதனுக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தது. அவர் கூட்டி வந்தவர்களில் பெரும்பாலோர் அவரோடு போய்விட்டார்கள். திட்டக்குடி அருண்பாண்டியன் மட்டும் போகவில்லை.

மூன்றாவதாகப் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். அணியை முழுசாகக் கலைத்துப் போட்டார். சேர்ப்பதற்குள் கொரோனா வந்து லீக் நின்றது. அவரும் நின்றுவிட்டார். அவர் காலத்தில் டேவிட் அடிக்கடி பழக்கடைக்குப் போனான். கடைக்காரம்மா அவன் தலையைப் பார்த்ததுமே ஒரு சீப்பை வெட்டி வைத்துவிட்டு, "இன்னிக்கு யார் வூட்டு அடுப்புல தண்ணி ஊத்தப் போற?" என்று கேட்பாள். டேவிட் காசைக் கொடுத்துவிட்டு நடப்பான். திரும்பி வரும்போது அவளே தெரிந்துகொள்வாள்.

நான்காவதாக வந்தவன் செம்பியன். டேவிட்டின் பக்கத்தில் நின்று ஆடியவன். முட்டி போனபிறகு சென்னைக்குப் போய்ப் பயிற்சியாளர் படிப்பு முடித்துவிட்டு வந்தான். அவனும் மூன்று வருஷம் கேட்டான். ஆனால் அவன் கேட்டபோது மரிய ஜோசப்புக்குத் தலைமுடி நரைத்திருந்தது. டேவிட் கேப்டன் ஆகியிருந்தான். முதலில் இருந்தவர்களில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

அந்த மூன்றாவது வருஷம், கடைசி ஆட்டம் சிதம்பரத்தில். எதிரே சிதம்பரம் அணி. ஜெயித்தால் முதல் டிவிஷன். சமன் செய்தால் இல்லை.

ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, டேவிட் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது செம்பியன் டீக்கடையில் காத்திருந்தான். அருண்பாண்டியனை அணியிலிருந்து எடுப்பதாகச் சொன்னான். பதினெட்டுப் பேரில்கூட இல்லை. புதுச்சேரிக் கல்லூரியில் ஒரு ஃபார்வர்டு இருக்கிறான், பதிவு முடிந்துவிட்டது, அவன் வேகம் வேண்டும் என்றான். அருணின் கால் போனது போனதுதான், அடுத்த சீசனுக்கும் அவனை வைத்துக்கொள்ள முடியாது என்றான். சொல்லும்போது செம்பியன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அருண்பாண்டியன் டேவிட் வேலை செய்கிற ஆலையில்தான் ஒப்பந்தக் கூலியாக இருந்தான். குடிகாட்டில் ஒரு போர்ஷன் எடுத்துத் தங்கியிருந்தான். இரண்டாவது டிவிஷனுக்கு ஏறிய வருஷம் அவன் போட்ட கோல்கள்தான் கிளப்பைத் தூக்கின. பிறகு முட்டியில் அடிபட்டது. அதற்குப் பிறகு பந்து அவனைத் தாண்டிப் போன பிறகுதான் அவன் கால் நகரும். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை.

டேவிட் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "அவன் வெளியூர்க்காரன் மச்சான்" என்றான்.

"அதுக்கு?"

"நாம வூட்டுக்குப் போறது இன்னாத்துக்குன்னு அவனுக்குத் தெரியாது."

"இத்தினி வருஷமா கிளப்ல கீறான். தெரியாமயா இருக்கும்?"

டேவிட் யோசித்தான். தில்லைநாதன் தான் கூட்டி வந்தவர்களிடம் எதையும் மைதானத்திலேயே நேராகச் சொல்லிவிடுவார். குடிகாட்டுக்கு டேவிட் ஒருமுறைகூடப் பழம் வாங்கிக்கொண்டு போனதில்லை. ஆனால் செம்பியன் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதா, தோன்ற வேண்டும் என்று நினைத்தானா என்று பிறகு பலமுறை அவன் தன்னைக் கேட்டுக்கொண்டான்.

குடிகாட்டு நிறுத்தத்தில் இறங்கும்போது காற்றில் ஆலைகளின் புளித்த நெடி இருந்தது. அருணின் வீடு ஒற்றை அறை. அவன் மனைவி மலர்க்கொடிதான் கதவைத் திறந்தாள். டேவிட்டின் கையில் இருந்த பழத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. உடனே வெட்கம் வந்து உள்பக்கம் திரும்பி, "பாரு, கேப்டன் வந்துருக்காரு. யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னா, ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துருக்க" என்று கணவனைத் திட்டினாள்.

அருண் லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்தான். தான் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தான். பிறகு டேவிட்டைப் பார்த்து, உங்களுக்கு எப்படிணா தெரியும் என்று கேட்டான். பதில் வருவதற்குள் அவனே சொல்லிவிட்டான். மலர்க்கொடி முழுகாமல் இருக்கிறாள். இன்னும் வெளியே சொல்லவில்லை. ஊரில் அப்பாவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறது.

டேவிட் பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

பால் வாங்க அருண் ஓடினான். அவன் வருவதற்குள் மலர்க்கொடி நிறையச் சொன்னாள். தங்கள் கல்யாணத்தில் மாமனாருக்கு இஷ்டம் இல்லை. பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் பந்து உதைக்கப் போனதிலிருந்தே அவனோடு அவருக்குப் பேச்சு இல்லை. குழந்தை உண்டானது தெரிந்த பிறகுதான் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு வருகிறார். மகன் ஆடுவதை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. ஆட்டம் முடிந்ததும் தன்னை ஊருக்குக் கூட்டிப்போய் நாலு நாள் வைத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். சொல்லிக்கொண்டே ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். "நீங்க ஜாஸ்தி பேச மாட்டீங்கன்னு சொல்லிருக்காரு. பேசாதவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுது" என்றாள்.

காப்பி வந்தது. டேவிட் குடித்தான். வழக்கம்போல உட்கார்ந்திருந்தான். மற்ற வீடுகளில் இந்த நேரத்தில்தான் அது நடக்கும். எதிரே இருப்பவனின் தோள் கொஞ்சம் இறங்கும். அல்லது அவன் அம்மா எழுந்து உள்ளே போவாள். அதுவரைக்கும் டேவிட் காத்திருப்பான். இங்கே தோள் இறங்கவில்லை. அருண் அவனுக்கு எதிரே கால்களை மடக்கி உட்கார்ந்து, பெரிய விருந்தாளி வந்திருக்கும் வீட்டின் சந்தோஷத்தோடு அவனுடைய மௌனத்துக்கு மரியாதையாகத் தானும் பேசாமல் இருந்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டம்ளரின் அடியில் சர்க்கரை தங்கியிருந்தது. டேவிட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்தால் அந்த அறையில் என்னவெல்லாம் விழும் என்று நினைத்தான். எழுந்தான்.

அருண் ரோடு வரைக்கும் வந்தான். டேங்கர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை கிளப் வேனில் வரவில்லை, நேராகச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். பஸ் தூரத்தில் தெரிந்தது.

"ணா, நான் முதல்ல இறங்கலன்னாலும் பரவால்ல. கடைசில கொஞ்ச நேரம் விட்டா போதும். அப்பா பாத்தா போதும்."

டேவிட் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினான். படியில் ஏறி, "வரேன்" என்றான்.

அன்றைக்குச் செம்பியன் போன் செய்தபோது டேவிட் சொன்னது இவ்வளவுதான்: "போய்ட்டு வந்துட்டேன்." கிளப்பில் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். செம்பியன் பெருமூச்சு விட்டது கேட்டது.

டேவிட்டின் மனைவி ஆரோக்கிய ஜெனிபர் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மறுநாள் அவன் சாப்பிடாமல் தட்டை நகர்த்தியதைப் பார்த்துவிட்டு, அருணிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள். போய்விட்டு வந்துவிட்டதாகச் சொன்னான்.

"அதக் கேக்கல. சொன்னியா?"

அவள் அவனுடைய போனை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். சனிக்கிழமை முழுவதும் போன் அங்கேயே இருந்தது. ஒருமுறை எடுத்தான். அருணின் பெயரைப் பார்த்தான். மலர்க்கொடி பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்தான். அவன் அப்பா இன்னும் ஊரிலிருந்து கிளம்பியிருக்கமாட்டார், இப்போது சொன்னால் அவரையாவது நிறுத்திவிடலாம் என்றும் நினைத்தான். பிறகு அவனுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அருணுக்குப் புரிந்துதான் இருக்கும், மனைவியின் முன்னால் காட்டிக்கொள்ளாமல் இருந்திருப்பான், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான். இந்த நம்பிக்கையோடு அவன் தூங்கிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேன் சிதம்பரத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஊருக்கு வெளியே இருந்த மைதானத்தில் ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் படிக்கட்டு. அதில் மேல்வரிசையில், நிழல் விழும் இடமாகப் பார்த்து, வெள்ளை வேட்டி கட்டிய உயரமான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மலர்க்கொடி. அவள் டேவிட்டைப் பார்த்ததும் மாமனாரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் எழுந்து அங்கிருந்தே கும்பிட்டார்.

அருண் கீழே, ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் தகரக் கொட்டகை வாசலில் நின்றிருந்தான். பூட்ஸைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தான். புதிதாக முடி வெட்டியிருந்தான்.

மரிய ஜோசப் பையைப் பிரித்து ஜெர்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக வாங்கினார்கள். அருண் வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் கையை நீட்டினான். மரிய ஜோசப் அவனைப் பார்த்தார். கையில் இருந்த ஜெர்சியைப் பார்த்தார். அதைப் பின்னால் நின்ற புதுச்சேரிக்காரனிடம் கொடுத்தார். பிறகு மெதுவாக, "டேவிட் உன் வூட்டுக்கு வரலியாப்பா?" என்று கேட்டார்.

"வந்தாரே."

கொட்டகைக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். முதுநகர்க்காரர்கள் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்கள். அருண் ஒவ்வொருவரையும் பார்த்தான். குனிந்த தலைகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் புரிந்தது. கடைசியாக டேவிட்டைப் பார்த்தான்.

"அதுக்குத்தான் வந்தீங்களாணா?"

டேவிட் ஆமாம் என்று தலையை அசைத்தான்.

அருண் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்ததுபோல் இறக்கினான். கழுத்திலிருந்து பூட்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தான். ஜிப் மாட்டிக்கொண்டது. இரண்டு மூன்று தரம் இழுத்து மூடினான். "அப்பா மேல உக்காந்துருக்காரு" என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. வெளியே போனான்.

டேவிட் செம்பியனிடம் ஓடினான். வெளியே உட்காரும் ஏழு பேரில் ஒருவனாக அருணை வைக்க முடியுமா என்று கேட்டான். நடுவரிடம் பெயர்கள் போய்விட்டன. மாற்ற முடியாது. தன் இடத்தில் அவனைப் போடு என்றான் டேவிட். அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"சொல்லிட்டேன்னு சொன்னியேடா" என்றான் செம்பியன்.

"போய்ட்டு வந்துட்டேன்னுதான் சொன்னேன்."

செம்பியன் நெற்றியைத் தேய்த்தான். அவனாலும் கோபப்பட முடியவில்லை. "நானே போயிருக்கணும். எல்லாருமா சேந்து உன்னயே அனுப்பிகினு இருந்துட்டோம்" என்றான். பிறகு, வெளியே போய் உடம்பைச் சூடாக்கும் ஓட்டத்தை ஆரம்பிக்கச் சொன்னான்.

ஸ்டாப்பர் நிற்கிற இடத்திலிருந்து படிக்கட்டு நன்றாகத் தெரிந்தது. டேவிட் பார்க்கக்கூடாது என்று இருந்தான். ஆனால் பந்து மறுபக்கம் போகும் ஒவ்வொரு முறையும் கண் அங்கே போனது. அருண் அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். கையை நீட்டி மைதானத்தைக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை டேவிட் ஒரு பந்தைத் தலையால் வெளியே தள்ளியபோது அருண் கைதட்டினான். அது பழக்கத்தால் வந்த கைதட்டல். பாதியில் நின்றது.

இடைவேளைக்குப் பிறகு புதுச்சேரிக்காரன் கோல் போட்டான். நல்ல கோல். இரண்டு பேரைத் தாண்டி, கோல்கீப்பர் முன்னால் வருவதற்குள் மூலையில் தட்டிவிட்டான். அருணின் காலுக்கு இனி அந்த ஓட்டம் வராது. செம்பியன் எடுத்த முடிவு சரி. முடிவு தப்பாக இருந்திருந்தால் டேவிட் யாரையாவது திட்டியிருக்கலாம்.

கடைசி வரைக்கும் சிதம்பரத்துக்காரர்கள் முட்டிக்கொண்டே இருந்தார்கள். டேவிட் தன் வாழ்நாளிலேயே நன்றாக ஆடினான் என்று அன்றைக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவனுக்கு எதுவும் நினைவில்லை. விசில் ஊதியது. மரிய ஜோசப் கோட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். வெள்ளத்திலிருந்து இன்றுவரைக்கும் வந்துபோன எல்லோர் பெயரையும் சொல்லிச் சொல்லி அழுதார். ராமாமிர்தம் பெயரைச் சொன்னார். ஸ்ரீதர் பெயரையும் சொன்னார். பையன்கள் செம்பியனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். கேப்டனைத் தேடினார்கள்.

டேவிட் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அருணின் அப்பா படிக்கட்டிலிருந்து இறங்கி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார். செருப்பை ஓரத்தில் கழற்றிவிட்டு வந்தார். அருண் அவருக்குப் பின்னால் தள்ளி வந்தான்.

அவர் டேவிட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். வயலில் வேலை செய்கிற கை.

"முட்டி வலி ஜாஸ்தியா இருக்குன்னு அவனே இன்னிக்கு வேணாம்னு சொல்லிட்டானாம் தம்பி. போவுது. எனக்கு ஒண்ணும் தெரியாது, அவன் சொல்லச் சொல்லப் பாத்தேன். வூட்டுக்கே போய்ப் பாத்துட்டு வந்தீங்களாமே. வெளியூர்ல வுட்ட புள்ளைய இப்படி ஒருத்தர் பாத்துக்கறாருன்னு தெரியாம நான் இத்தினி வருஷம் கோவத்துலயே இருந்துட்டேன்."

டேவிட் அருணைப் பார்த்தான். அருண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. டேவிட் இத்தனை வீடுகளில் உட்கார்ந்து காத்திருந்த அந்த முகம்தான். வேறு வித்தியாசம் இல்லை. இடம் மட்டும்தான் வேறு. ஊர் முழுக்கக் கூடியிருக்கும் மைதானத்தின் நடுவில், அப்பாவுக்கு முன்னால்.

டேவிட் ஏதாவது சொல்வான் என்று அவர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பேசாத ஆள் என்று மருமகள் சொன்னது நினைவுக்கு வந்ததுபோலச் சிரித்து, கையை விட்டார். திட்டக்குடிக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் விருத்தாசலம் போய்விட வேண்டும் என்றார். மூன்று பேரும் போனார்கள்.

அருண் அந்த வாரம் வேலைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒப்பந்தக்காரரிடம் டேவிட் விசாரித்தான். ஊரில் இருக்கிறான், கணக்கை முடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான் என்றார். போனை அருண் எடுக்கவில்லை.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் டேவிட் குடிகாட்டுக்குப் போனான். கையில் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மலர்க்கொடி இருந்தாள். அறையில் பாத்திரங்கள் சாக்குப் பையில் கட்டப்பட்டிருந்தன. அருண் திட்டக்குடியில் ஓர் உரக்கடையில் வேலை கேட்கப் போயிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து சாமான்களை ஏற்றப் போவதாகவும் சொன்னாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

டேவிட் வாசலில் நின்றான். இந்தமுறையும் அவள்தான் பேசினாள்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமேணா. அழுதுருப்பாரு. அவ்ளோதான? வூட்டுக்குள்ள அழுதுருப்பாரு. நான் பக்கத்துல இருந்துருப்பேன்."

டேவிட்டால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"அங்க அழ முடில அவரால. மாமாகிட்ட சிரிச்சு சிரிச்சுப் பேசினாரு. ஊருக்குப் போயும் சிரிச்சுகினேதான் இருக்காரு. என்கிட்டகூட இன்னும் அழல."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வந்தேன் என்று அருணிடம் சொல்லும்மா என்றான் டேவிட். சொல்லி முடிக்கும்போதே, இதுவும் அதே மாதிரிதான் என்று அவனுக்குத் தெரிந்தது. வந்தேன் என்பதில் என்ன இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எந்த வாசலிலும் சொல்லாததை, சரியான ஆள் இல்லாத வாசலில் சொன்னான்.

"அவன எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சுதான்மா வந்தேன். சொல்லத்தான் வந்தேன். சொல்லாம போய்ட்டேன். அத அவன்கிட்ட சொல்லு."

மலர்க்கொடி கதவின் விளிம்பை விட்டாள்.

"நான் சொல்ல மாட்டேன்ணா. ஞாயித்துக்கிழமை வருவாரு. நீங்களே அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

குக்கர் மறுபடி விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைக்க உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. உட்காரச் சொல்ல அவள் திரும்பி வரவில்லை.